சட்டம் போட்டால் புகை குறையுமா?



"சர்க்கார் எத்தனை சட்டம் போட்டாலும் குடிக்கிறவன் குடித்துக்கொண்டுதான் இருப்பான்; நஷ்டமெல்லாம் கடைக்காரனுக்குத்தான்." சிகரெட்டின் தீர்வை ஏறும்போதெல்லாம் நம்மவர் வாயில் வருகிற பேச்சு இது. நாமும் பல தடவை இதைச் சொல்லியிருக்கிறோம். ஆனால் சரக்கை எடை போடாமல் விலை சொல்கிறவன் வியாபாரி ஆகமாட்டான். ஆகவே இந்தப் பேச்சையும் தராசில் வைத்துப் பார்ப்போம் என்றெண்ணி, பல நாடுகளின் கணக்கை எடுத்துப் படித்தோம். ஓதுகிற பள்ளியும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட நாம், பேரேடு பார்த்துப் பழகிய கண்ணோடு கண்டதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு விளக்கம். சர்க்கார் அறிக்கைகளில் கணக்கு நூற்றுக்கு 18.3 என்றும் 12.6 என்றும் புள்ளி வைத்து வரும். நமக்கு எளிதாக இருக்கட்டும் என்று, ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்றே எழுதியிருக்கிறோம். மேலும், கணக்கெடுக்கும் வயதும் கேட்கும் கேள்வியும் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆதலால் ஒரு நாட்டின் இன்றைய எண்ணை அதே நாட்டின் நேற்றைய எண்ணோடு ஒப்பிடுவதே நியாயம்.

சட்டம் எத்தனை வகை?

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கென்று உலக நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது 2003 இல் நிறைவேறி 2005 பிப்ரவரியில் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் சேர்ந்திருக்கின்றன. இந்தோனேஷியா சேரவில்லை. பின்னர் 2008 இல் உலக சுகாதார நிறுவனம் செய்ய வேண்டியவற்றை ஆறாக வகுத்தது. அவையாவன: எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று விடாமல் கணக்கெடுப்பது, பொது இடங்களில் புகையைத் தடுப்பது, விட நினைப்பவருக்கு உதவுவது, பெட்டியின் மேல் எச்சரிக்கை போடுவது, விளம்பரத்தை நிறுத்துவது, தீர்வையை ஏற்றுவது.

இவ்வாறில் வலிமை மிக்கது தீர்வையே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. விலை நூற்றுக்குப் பத்து ஏறினால், செல்வ நாடுகளில் விற்பனை ஏறக்குறைய நூற்றுக்கு நாலும், மற்ற நாடுகளில் ஐந்தும் குறையும் என்பது அவர்கள் கண்ட பொதுக் கணக்கு. அதிலும் முதலில் குறைப்பவர்கள் இளைஞர்களும் ஏழைகளுமே. இது நமக்குப் புதிதல்ல. அரிசி விலை ஏறினால் யார் முதலில் பையைச் சுருக்குவார் என்று மளிகைக்காரனுக்குத் தெரியாதா?

உலகத்தை மொத்தமாகப் பார்த்தாலும், 2000 ஆம் ஆண்டில் பெரியவர்களில் மூன்றில் ஒருவர் புகையிலை உபயோகித்தார். 2024 இல் ஐந்தில் ஒருவரே. அமெரிக்காவில் 1965 இல் ஆயிரத்துக்கு 424 பேர் சிகரெட் குடித்தார்கள். 2022 இல் 116 பேர். பிரேஸிலில் 1989 இல் 348 பேராக இருந்தது, 2019 இல் 126 ஆயிற்று. ஆகவே "எத்தனை சட்டம் போட்டாலும் குறையாது" என்ற பேச்சு முதல் எடையிலேயே நிற்கவில்லை.

ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி குறைந்ததா என்றால், இல்லை. ஏன் இல்லை என்பதே நாம் படிக்க வேண்டிய பாடம்.

சிங்கப்பூர்

சிங்கப்பூர் இவ்விஷயத்தில் முந்திக்கொண்ட நாடு. 1970 இலேயே பேருந்திலும் படக்கொட்டகையிலும் புகைக்கத் தடை வந்தது. 1971 இல் சிகரெட் விளம்பரம் நின்றது. 2004 இல் பெட்டிகளின் மேல் நோயின் படங்கள் வந்தன. 2006 ஜூலையில் கோப்பிக் கடைகளிலும் அங்காடி நிலையங்களிலும், குறித்த மூலை தவிர மற்ற இடங்களில் புகை நிறுத்தப்பட்டது.

1992 இல் ஆயிரத்துக்கு 183 பேர் நாள்தோறும் புகைத்தார்கள். 2004 இல் அது 126 ஆக இறங்கியது. ஆனால் 2010 இல் 143 ஆக ஏறிவிட்டது! இறங்கியது ஏன் ஏறவேண்டும்? ஏறியதில் பெரும்பங்கு இளவயதினர். தீர்வைப் புத்தகத்தைப் பார்த்தால் ஒரு செய்தி தெரிகிறது. 2003, 2004, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அடுத்தடுத்து ஏறிய தீர்வை, அதன்பின் 2014 வரை ஏறவேயில்லை. சிகரெட்டுக்கு 35 காசு சொச்சத்தில் நின்றுவிட்டது. சம்பளம் ஏறியது, தீர்வை நின்றது. எண் ஏறியதற்கு இது ஒன்றே காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் கயிற்றைத் தளரவிட்டால் வாளி கீழே போகும் என்பது கிணற்றில் இறைத்தவனுக்குத் தெரியும்.

பிறகு சர்க்கார் மறுபடியும் கயிற்றை இழுத்தது. 2014 இல் 38.8 காசு, 2018 இல் 42.7 காசு, 2023 பிப்ரவரியில் 49.1 காசு. அஃதாவது 20 சிகரெட் கொண்ட ஒரு பெட்டிக்கு அப்போது தீர்வை மட்டும் 9 வெள்ளி 82 காசு. 2017 ஆகஸ்ட் முதல் தேதி தொட்டு, நாம் சிகரெட்டை வாடிக்கைக்காரர் கண்ணில் படாமல் மூடி வைக்கிறோம். வாங்கும் வயது 18 ஆக இருந்தது. அது 2019 முதல் ஆண்டுக்கு ஒன்றாக ஏறி, 2021 இல் 21 ஆயிற்று. 2020 ஜூலை முதல் எல்லாப் பெட்டிகளும் ஒரே நிறம், ஒரே எழுத்து. புகைக்குப் பதிலாக வந்த மின் சிகரெட்டை வைத்திருப்பதும் 2018 முதல் குற்றம்.

விளைவு? 2020 இல் ஆயிரத்துக்கு 101. 2023 இல் 88. 1992 இன் எண்ணில் பாதிக்கும் கீழே!

பாலத்துக்கு அப்பால்

இனி ஜொகூர் பாலத்தைத் தாண்டுவோம். அங்கேயும் நம் உறவினர் கடை வைத்திருக்கிறார்கள். சாப்பாடும் பேச்சும் ஒன்றுதான். ஆனால் எண் வேறு. மலேசியாவில் 2015 இல் ஆயிரத்துக்கு 228, 2019 இல் 213, 2023 இல் 190. குறைந்திருக்கிறது, ஆனால் மெல்லக் குறைந்திருக்கிறது.

2015 நவம்பரில் மலேசிய சர்க்கார் தீர்வையை ஒரேயடியாக ஏற்றி, சிகரெட்டுக்கு 40 காசு என்றாக்கிற்று. பேர்பெற்ற சிகரெட்டுகள் பெட்டி 13 வெள்ளி 80 காசிலிருந்து 17 வெள்ளிக்குப் போயின. அதன்பின் பத்து ஆண்டுகள் தீர்வை அசையவில்லை. 2025 நவம்பரில்தான் 2 காசு ஏறியது. ஒரு பெட்டிக்குத் தீர்வை 8 வெள்ளியாக இருந்தது, 8 வெள்ளி 40 காசு ஆயிற்று. அதுவும் மலேசிய வெள்ளி. சிங்கப்பூரின் ஒரு வெள்ளிக்கு அங்கே மூன்று வெள்ளிக்கு மேல் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இதனிடையே தீர்வை கட்டாத கள்ளச் சிகரெட் வந்து புகுந்தது. விற்பனையில் பாதிக்கு மேல் கள்ளச் சரக்கே என்று சிகரெட் கம்பெனிகள் செய்வித்த ஆய்வுகள் கூறின. தீர்வை ஏறக்கூடாது என்று விரும்பும் கம்பெனிகள் அந்த எண்ணைக் கூட்டிச் சொல்லவும் இடமுண்டு. ஆனால் கள்ளச் சரக்கு மலிந்திருந்ததைக் கடைத்தெருவில் இருக்கும் நாம் மறுக்கமுடியுமா? பாதி விலைக்கும் கீழாக ஒரு பெட்டி கிடைக்கும்போது சர்க்கார் ஏற்றிய விலை யாரைத் தடுக்கும்?

உபதேசம் மட்டும் போதுமா என்றும் சிலர் கேட்பார்கள். மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 1995 இலேயே புகைப்பது ஹராம் என்று தீர்ப்புக் கூறியது. இருந்தும் 2019 இல் அந்நாட்டு ஆண்களில், எல்லாச் சமயத்தாரையும் சேர்த்து, ஆயிரத்துக்கு 405 பேர் புகைத்தார்கள். வீட்டிலும் பள்ளியிலும் கேட்கும் நற்சொல்லை அடுத்த முடுக்கில் இருக்கும் மலிவான பெட்டி தின்றுவிடுகிறது.

நம்மவரை நேராகத் தொட்ட சட்டம் ஒன்றும் அங்கே வந்தது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லாச் சாப்பாட்டுக் கடைகளிலும் புகைக்கத் தடை. இருபத்துநாலு மணி நேரமும் தே தாரே ஆற்றும் கடைகளும் இதில் அடக்கம். "வியாபாரம் படுத்துவிடும்" என்று பலர் அஞ்சினார்கள். சிலர் வழக்கும் போட்டார்கள். 2019 இலேயே உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இன்று அந்தக் கடைகளில் போய்ப் பாருங்கள். ரொட்டி வீசும் கல் ஓய்ந்திருக்கிறதா? குழந்தை குட்டிகளோடு வருகிறவர்கள் முன்போல் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை.

முற்றாகத் தடுத்தால்?

"இப்படி மெல்ல மெல்ல ஏன்? ஒரேயடியாக விற்பனையைத் தடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்பவரும் உண்டு. அதையும் செய்து பார்த்த நாடு இருக்கிறது.

இமயமலையில் உள்ள பூட்டான், 2004 இல் நாடு முழுவதும் புகையிலை விற்பனையைத் தடைசெய்தது. 2010 இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. 2011 இல் கொஞ்சம் மெல்லும் புகையிலை வைத்திருந்த ஓர் இளம் புத்த பிக்குவுக்கு மூன்றாண்டு சிறை விதித்தார்கள். ஊரே மனம் வருந்திற்று. 2012 இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பக்கத்தில் இந்தியா இருக்கிறது. அங்கே புகையிலை மலிவு. ஆகவே கடத்தல் நின்றபாடில்லை. கொரோனாக் காலத்தில் எல்லை தாண்டிவரும் கடத்தலோடு நோயும் வந்துவிடும் என்று அஞ்சி, 2021 இல் தடையையே எடுத்துவிட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவும் அப்படியே. 2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை சிகரெட் விற்பனைக்கு முழுத் தடை. புகைப்பவர்களில் பெரும்பாலோர் மூன்று நாலு மடங்கு கூடுதல் விலை கொடுத்தாவது வாங்கிக் குடித்தார்கள். லாபம் கள்ள வியாபாரிக்கு, நஷ்டம் நேர்மையான வியாபாரிக்கும் சர்க்காருக்கும். வேண்டுகிறவன் ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. அவனை மெல்ல மெல்லக் குறைக்கத்தான் முடியும்.

இன்ன ஆண்டுக்குப் பின் பிறந்தவருக்கு என்றைக்குமே விற்கக்கூடாது என்பது இன்னொரு வழி. நியூஜிலாந்து 2022 இல் இப்படிச் சட்டம் செய்து, 2024 இல் அதை நீக்கிவிட்டது. மலேசியாவில் 2007 முதல் பிறந்தவர்களுக்கு என்று மசோதா வந்தது. பின் அந்தப் பகுதி மட்டும் கைவிடப்பட்டு, மற்றவை 2024 இன் சட்டமாயின. மாலத்தீவோ 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து அதை நடத்திக் காட்டுகிறது. பலன் தெரியப் பல ஆண்டு ஆகும்.

விலை மட்டும் ஏறினால்?

ஆஸ்திரேலியாவின் கதை இரு பக்கமும் உடையது. 2012 டிசம்பரில் உலகத்திலேயே முதன்முதலாகச் சிகரெட் பெட்டியின் அலங்காரத்தை ஒழித்து ஒரே மங்கல் நிறமாக்கிய நாடு அது. 2013 முதல் 2020 வரை ஆண்டுதோறும் தீர்வையை நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் ஏற்றினார்கள். 2010 இல் ஆயிரத்துக்கு 151 பேர் நாள்தோறும் புகைத்தார்கள். 2022-23 இல் 83 பேர். இது பெரிய வெற்றி.

ஆனால் ஒரு பெட்டி 40 டாலரைத் தாண்டிய பிறகு கள்ளச் சரக்கு பெருகிற்று. அதை விற்கும் கூட்டங்களுக்குள் போட்டி மூண்டு, 2023 முதல் மெல்பர்ன் பக்கம் கடை கடையாகத் தீ வைத்தார்கள். எரிந்தவை நம்முடையதைப் போன்ற சிறு கடைகள். சர்க்காருக்கு வரும் தீர்வைப் பணமும் பெருமளவு குறைந்தது. விலையை ஏற்றும் கை ஒன்று என்றால், கள்ளச் சரக்கைப் பிடிக்கும் கை மற்றொன்று. ஒரு கையால் மட்டும் மூட்டை தூக்கினால் மூட்டை சரியும்.

துருக்கி இன்னொரு பாடம். 2009 ஜூலையில் காப்பிக் கடை வரைக்கும் புகையைத் தடுத்தது. ஆயிரத்துக்கு 312 பேராக இருந்தது, 2008 க்கும் 2012 க்கும் நடுவே 271 ஆயிற்று. உலகமே புகழ்ந்தது. பிறகு கண்காணிப்பு தளர்ந்தது. எண் மறுபடியும் ஏறியது. சட்டம் ஏட்டில் அப்படியே இருந்தது. பார்க்கும் கண்தான் போய்விட்டது.

இந்தோனேஷியாவிலோ விளம்பரமும் மலிவு விலையும் ஒற்றைச் சிகரெட் விற்பனையும் நெடுங்காலம் நடந்தன. ஆண்களில் 2011 இல் ஆயிரத்துக்கு 670, 2021 இல் 647. வீதம் சற்றே குறைந்தாலும், ஜனத்தொகை பெருகியதால் குடிப்பவர் தொகை 6 கோடியே 3 இலட்சத்திலிருந்து 6 கோடியே 91 இலட்சமாகப் பெருகிவிட்டது. 2024 இல்தான் ஒற்றையாக விற்பதைத் தடுத்து, வயதை 21 ஆக்கினார்கள்.

நம் கை

இத்தனை நாட்டுக் கணக்கையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது இதுதான்: சட்டம் போட்டால் புகை குறையும், ஆனால் பல சட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து, பல ஆண்டு தளராமல், கடை வரைக்கும் வந்து சேர்ந்தால்தான் குறையும். மந்திரி கையெழுத்துப் போடும் சட்டம் கடைசியில் யார் கையில் நிறைவேறுகிறது? கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் நம் கையில்தான். தீர்வை கட்டிய பெட்டியா, கட்டாததா. வாங்குகிறவன் பெரியவனா, பிள்ளையா என்று பார்ப்பது நாமல்லவா?

இங்கே நம் பழைய கணக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், ஜொகூர் பாருவில் அத்தாவின் ஒட்டுக்கடையில் மாலை நேரங்களில் நாம்தான் இருப்போம். அஞ்சடித் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. மிட்டாய், பத்திரிகை, வெற்றிலை, சிகரெட். பெட்டியைப் பிரித்து ஒற்றை ஒற்றையாக விற்போம். லைட்டரை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்போம். பள்ளிச் சீருடையோடு வரும் பையன்கள்தான் ஒற்றைச் சிகரெட்டுக்கு நல்ல வாடிக்கை. முழுப் பெட்டிக்கு அவர்களிடம் காசு ஏது? ஒற்றையாக விற்றதால்தான் அவர்களால் தொடங்க முடிந்தது. அத்தா ஒருநாள் பார்த்துவிட்டு, "தம்பி, அவன் வாப்பா கண்ணுல நாளைக்கு எப்படி முழிப்பே?" என்று கேட்டார். நாம் சிரித்துவிட்டோம்.

அப்பையன்களில் ஒருவர், நம் வயதுக்காரர், 41 ஆம் வயதில் மாரடைப்பால் மௌத்தானார். கடைசி வரை நாளுக்கு ஒன்றரைப் பெட்டி குடித்தவர். சிகரெட்டால்தான் இறந்தார் என்று சொல்ல நாம் டாக்டர் அல்லர். ஆனால் அவருக்கு முதல் சிகரெட்டைக் கொடுத்த கை எது என்று நமக்குத் தெரியும். ஜனாஸாவில் அவருடைய வாப்பா நம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, அத்தா கேட்ட கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

ஆகவே சகோதரர்களே, கடையில் சிகரெட் விற்கும் நாம் இந்நாலையாவது உறுதியாகப் பிடித்துக்கொள்வோம்.

ஒன்று: இளைஞராகத் தெரியும் யாரிடமும் அடையாள அட்டையைக் கேட்போம். "மாமா, வாப்பாவுக்குத்தான்" என்றாலும் கொடுக்க வேண்டாம். சிங்கப்பூரில் வயது குறைந்தவருக்கு விற்றால் முதல் தடவையே 5,000 வெள்ளி வரை அபராதம், லைசென்ஸும் போகலாம்.

இரண்டு: பெட்டியைப் பிரித்து ஒற்றையாக விற்க வேண்டாம். பிள்ளைகள் புகைக்குள் நுழையும் வாசல் அதுவே.

மூன்று: தீர்வை கட்டாத சரக்கை வாசலிலேயே திருப்பி அனுப்புவோம். சிங்கப்பூரில் தீர்வை கட்டிய ஒவ்வொரு சிகரெட்டிலும் 2009 முதல் எஸ்.டி.பி.சி. என்ற நாலு எழுத்து இருக்க வேண்டும். அது இல்லாத சரக்கில் வரும் லாபம், பக்கத்துக் கடைக்காரன் வயிற்றில் அடித்த லாபம்.

நாலு: கடைப் பையன்களில் விட நினைக்கிறவர் இருந்தால், அவரைக் கேலி செய்யாமல் தூக்கிவிடுவோம். நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் அதைத் தொடாமல் இருக்கிறவருக்கு இரவிலும் அதை விடும் வலிமை இல்லாமலா போகும்? வேண்டியது பக்கத்தில் ஒருவர்.

"நீர் இன்னும் விற்கிறீரா?" என்று கேட்பீர்கள். மறைக்கவில்லை, விற்கிறோம். மூடிய அலமாரிக்குள் இருக்கிறது. வாடகையும் சம்பளமும் கட்ட வேண்டிய கடை இது. ஆனால் சிகரெட்டில் புரளும் பணம் பெரிதாயினும், தீர்வை போக நமக்கு நிற்பது சொற்பமே என்பதைப் பேரேடு காட்டுகிறது. அடுத்த முறை லைசென்ஸைப் புதுப்பிக்கும் நாள் வரும்போது, வரவு ஒரு பக்கமும் அத்தாவின் கேள்வி மறுபக்கமும் வைத்து ஐந்தொகை எடுப்பதாக இருக்கிறோம். நீங்களும் உங்கள் பேரேட்டை எடுத்துப் பாருங்கள். கணக்கு முடிந்ததும் சங்கத்தில் சந்திக்கும்போது பேசுவோம்.